பந்தலுக்குப் பின்னால் நிற்பவர்கள்



தலைநகரில் நம்மவர்கள் எந்தெந்தத் தொழில் செய்து வாழ்கிறார்கள் என்பதை இப்பகுதியில் மாதம் ஒன்றாக எழுதி வருகிறேன். அரசாங்கக் குமாஸ்தாக்களைப் பற்றியும், மருத்துவமனைத் தாதியரைப் பற்றியும், இட்டிலி வண்டிக்காரரைப் பற்றியும் எழுதியபோது தொழிலின் பெயரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இம்மாதத் தொழிலுக்கோ தமிழில் நிலைத்த பெயர் ஒன்று இன்னும் வாய்க்கவில்லை. ‘விழா ஏற்பாட்டாளர்’ என்று நான் எழுதப் போகிறேன். அத்தொழிலில் இருக்கும் பிள்ளைகள் தங்களை ‘ஈவண்ட் மேனேஜர்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டார் ‘பையா’ என்று கூப்பிடுகிறார்கள். இந்தியில் அச்சொல்லுக்கு அண்ணன் என்று பொருள்; ஆனால் கூப்பிடுகிற தொனியைக் கேட்டால் தமிழ்ப் பொருள்தான் சரியாகத் தோன்றுகிறது.

போன தை மாதத்தில் ஓர் இரவு. பார்சல் அலுவலகத்தில் எனக்கு இரவுப் பணி. மூடுபனிக் காலமாகையால், தெற்கேயிருந்து காலையில் வந்து சேரவேண்டிய வண்டி ஆக்ராவுக்கு இப்பால் ஊர்ந்து ஊர்ந்து, இரவு பதினொன்றைத் தாண்டியும் வந்தபாடில்லை. என் சன்னலுக்கு எதிரே, சரக்குத் தள்ளுவண்டியின் விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். காதில் ஒரு கைபேசி, மடியில் இன்னொன்று. தலையையும் வாயையும் கம்பளித் துணியால் சுற்றியிருந்தாள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து வந்து, “சார், வண்டி எப்போது வரும்?” என்று இந்தியில் கேட்பாள். ரசீதை வாங்கிப் பார்த்தேன். அனுப்பிய ஊர் கும்பகோணம். சரக்கு, வாழையிலைக் கட்டுகளும் தென்னங்குருத்துத் தோரணமும். தமிழில் பதில் சொன்னேன்.

“நீங்கள் தமிழா அண்ணா? அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். விடிய ஆறு மணிக்கு முகூர்த்தம்” என்றாள்.

அவளுடைய தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து மயூர் விகாரில் குடியேறியவர். பெண் பட்டப்படிப்பு முடித்து, ஒரு விழா ஏற்பாட்டுக் கம்பெனியில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். முந்தின இரவு சத்தர்ப்பூர்ப் பக்கத்துப் பண்ணைவீடு ஒன்றில் பஞ்சாபிக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்தபோது மணி பத்தரை. அக்கினியை வலம் வந்தது மூன்றரைக்கு. பெண்ணை அழுதுகொண்டே காரில் ஏற்றி அனுப்பியது ஐந்தரைக்கு. ஆறரைக்குள் பந்தலைப் பிரித்து இடத்தை ஒப்படைக்காவிட்டால் அபராதம். அதை முடித்துவிட்டு அவள் நேரே நிலையத்துக்கு வந்தாள். பகலில் இரண்டு முறை மண்டபத்துக்குப் போய் மேடையைப் பார்த்துவிட்டு மீண்டும் வந்திருக்கிறாள். வடநாட்டார் கல்யாணம் முடிகிற வேளையில் நம் கல்யாணம் தொடங்குகிறது அல்லவா? இரண்டு வழக்கமும் தெரிந்த பெண் என்பதால், முதலாளி இரண்டையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார்.

“எப்போது தூங்கினாய் அம்மா?” என்று கேட்டேன்.

“வண்டியில் போகும்போது சிறிது தூங்கினேன் அண்ணா. நேற்றா, அதற்கு முந்தின நாளா, தெரியவில்லை.”

பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி வந்தது. இலைகளைத் தொட்டுப் பார்த்து, வாடிய கட்டு ஒன்றைத் தள்ளி வைத்து, எஞ்சியவற்றை எண்ணிக் கையொப்பமிட்டாள். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

அதன் பிறகு அவளிடமும் அவளைப் போன்ற வேறு நால்வரிடமும் பேசி இத்தொழிலின் நிலையைத் தெரிந்துகொண்டேன். இவர்கள் பந்தல்காரர் அல்லர், சமையற்காரர் அல்லர், மின்விளக்குக்காரரும் அல்லர். இவர்கள் எல்லோரையும் ஒரு மணிக்கணக்கில் கோத்து நடத்துகிறவர்கள். கையில் ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். பூக்காரர் காஜிப்பூர்ச் சந்தையிலிருந்து எத்தனை மணிக்கு வர வேண்டும், ஜெனரேட்டர் எப்போது ஓட வேண்டும், நாதஸ்வரக்காரருக்குக் காப்பி எப்போது போக வேண்டும் என்று நிமிடம் நிமிடமாக எழுதியிருக்கிறது. அத்தாளைப் பார்த்தபோது எங்கள் கட்டுப்பாட்டு அறையின் வண்டி ஓட்ட வரைபடம் நினைவுக்கு வந்தது. ஒரு வண்டி தாமதித்தால் அதன் பின்னால் வரும் பத்து வண்டிகளையும் மாற்றி அமைப்பது செக்ஷன் கன்ட்ரோலரின் வேலை. விழா ஏற்பாட்டாளரின் வேலையும் அதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. வண்டியைத் தாமதிக்க விடலாம். முகூர்த்தத்தைத் தாமதிக்க விட முடியாது. நாள் அசையாது. ஆகவே அசையக்கூடிய மற்றவையெல்லாம், உணவு, உறக்கம், சம்பளம் எல்லாம், அதற்கு இடம்விட்டு விலகிக்கொள்கின்றன.

எங்கள் இலாகாவில் இத்தகைய வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் ஊழியரின் வேலையை வகை பிரிக்கிறது. இடைவிடாத கவனத்தையோ கடும் உடலுழைப்பையோ வேண்டி, இளைப்பாற நேரமே இல்லாத வேலைக்கு ‘இன்டென்சிவ்’ என்று பெயர். அவ்வகை ஊழியரிடம் இரண்டு வாரச் சராசரியில் வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கலாகாது. தொடர்ச்சியான வேலை என்று வகுக்கப்பட்டதற்கு 54 மணி நேரம். கட்டுப்பாட்டு அறையில் பொதுவாக ஆறு மணிக்கு ஒருவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுப்பார். இவ்விதிகள் எங்கள்மீது இரக்கப்பட்டு எழுதப்பட்டவை என்று நினைக்க வேண்டாம். தொழிற்சங்கங்கள் போராடின, 1947இல் நீதிபதி ராஜாத்யட்ச தீர்ப்பளித்தார், பின்னர் மியாபாய் தீர்ப்பாயம் ஆராய்ந்தது. அப்படிப் படிப்படியாகக் கிடைத்தவை. தூங்காத ஓட்டுநர் பயணிக்கு ஆபத்து என்ற அறிவும் அதற்கு உதவிற்று.

அந்தப் பெண்ணின் ஒரு வாரத்தை நான் கணக்குப் போட்டேன். குமாஸ்தாவின் கை சும்மா இருக்காது. தை மாதத்து வாரம் அது: 92 மணி நேரம்.

இவர்களுக்குச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் டில்லிக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வயதுவந்த ஊழியர் நாளொன்றுக்கு 9 மணியும் வாரத்துக்கு 48 மணியும் உழைக்கலாம். ஐந்து மணி தொடர்ந்து உழைத்தால் அரைமணி ஓய்வு தரவேண்டும். மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்லிற்று. 2025 அக்டோபரில் டில்லி அரசு அத்தடையைத் தளர்த்தி, பெண்ணின் எழுத்துமூலமான சம்மதம், போக்குவரத்து, பாதுகாப்பு முதலியவற்றை நிபந்தனையாக விதித்தது. இந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதக் கடிதம் கேட்கவில்லை. போக்குவரத்து என்பது அவளுடைய தகப்பனாரின் ஸ்கூட்டர்.

ஏன் ஒருவரும் வழக்குத் தொடுப்பதில்லை? விடை அவள் சட்டைப்பையில் குத்தியிருந்த அட்டையில் இருந்தது. அதில் ‘மேனேஜர்’ என்று அச்சிட்டிருந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குக் கூறிய இலக்கணத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அடங்கார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்த விலக்கு தொடர்கிறது. உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதை ஆராய்ந்துதான் நீதிமன்றங்கள் முடிவு செய்யும், அட்டையைப் பார்த்து அன்று. ஆனால் அட்டையை அணிந்திருக்கும் பிள்ளைக்கு அது தெரிவதில்லை. நான்கு ஆண்டு வேலை பார்த்தவளிடம் பணிநியமனக் கடிதம்கூட இல்லை. புதிய சட்டத் தொகுப்பு அக்கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது என்று சொன்னேன். “கேட்டால் அடுத்த கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள் அண்ணா” என்றாள்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன்; அவளுடைய அனுமதியோடுதான். மாதம் 22,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல் டில்லி அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் பட்டதாரிக்கு 24,356 ரூபாய் என்று கண்டிருக்கிறது. மெட்ரிக் தேறிப் பட்டம் பெறாதவருக்கு 22,411. அதாவது, என்னைப்போல் மெட்ரிக்கோடு நின்றவனுக்கு விதித்த தொகைக்குக்கூட இந்த ‘மேனேஜர்’ 411 ரூபாய் குறைவாக வாங்குகிறாள்.

டில்லி நெடுநாளாக விழாக்களின் ஊர். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குத் தர்பார் நடந்தபோது, கூடார நகரத்துக்குள் ஓட ஒரு சிற்றிருப்புப் பாதையே போட்டார்கள். 1956இல் யுனெஸ்கோ மாநாட்டுக்காக விஞ்ஞான பவனும் அசோகா ஹோட்டலும் எழுந்தன. 2023 செப்டம்பர் 9, 10 தேதிகளில் பிரகதி மைதானத்துப் பாரத மண்டபத்தில் இருபது நாடுகள் அமைப்பின் தலைவர்கள் கூடியபோது, எங்கள் வடக்கு ரயில்வேயில் இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகளை ரத்துச் செய்து ஊரை அமைதியாக்கினோம். இவ்வளவு விழாக்களில், உழைத்தவர்களின் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது எனக்குத் தெரிந்து ஒன்றில் முக்கியமாக நிகழ்ந்தது. 1982 ஆசிய விளையாட்டுக்காக மைதானங்களும் பாலங்களும் கட்டியபோது தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஜமேதார் என்ற இடைத்தரகர் அதில் ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கத்தார் நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அக்கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்சநீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது. வறுமையும் ஒரு கட்டாயமே என்று நீதிமன்றம் கண்டது. அந்த ஒரு ரூபாய் வழக்கை அறிந்த பின், 411 ரூபாயைச் சிறு தொகை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நிற்க. சம்பளம் குறைவு என்பதோடு முடிந்தால் அது அவர்கள் குடும்பத்துத் துயரம் மட்டுமே. நமக்கும் அதில் பங்கு உண்டு. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலி நகரில் ஒரு கல்யாண மாளிகையில் பள்ளி விழா நடந்தபோது பந்தல் தீப்பற்றி 442 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத் தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததை நம் வீடுகளில் இன்னும் பேசுகிறோம். ஒரு பந்தலில் எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன, மின்கம்பி துணியைத் தொடுகிறதா, வாசலை மறித்து யார் நாற்காலி போட்டார் என்று கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டியவர் இந்த ஏற்பாட்டாளரே. இரண்டு இரவு தூங்காதவரின் கண்ணுக்கு அது படுமா? விபத்து நேர்ந்தபின் முதலில் தேடப்படுகிறவர்களும் இவர்கள்தாம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றி விழா நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். இரண்டு நாட்களுக்குள் கைதானவர்களுள் விழா ஏற்பாட்டு நிறுவனத்தின் ஊழியர்களும் இருந்தார்கள். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் வேலை. அமெரிக்காவில் ஒரு வேலைவாய்ப்பு நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலில், மன நெருக்கடி மிகுந்த தொழில்களுள் படைவீரர், தீயணைப்பாளர், விமானி, போலீஸ்காரர் ஆகியோருக்கு அடுத்ததாக விழா ஏற்பாட்டாளரை வைத்தார்கள். இதை அப்பெண்ணிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, “அந்த நால்வருக்கும் ஓய்வறை உண்டு அண்ணா” என்றாள்.

வேலை இல்லாத மாதங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மார்கழியில் நாம் கல்யாணம் செய்வதில்லை. ஏறத்தாழ அதே நாட்களை வடநாட்டார் கர்மாஸ் என்று விலக்குகிறார்கள். ஆடி நமக்கு ஆகாது. அவர்களுக்கோ ஆடி ஏகாதசி முதல் கார்த்திகை ஏகாதசி வரை நான்கு மாதம் ஆகாது. ஆகவே ஆண்டு முழுவதற்குமான வருமானத்தைச் சில மாதங்களில் உழுது எடுத்தாக வேண்டும். 2020இல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று அரசு விதித்தபோது இவர்களில் பலர் காய்கறி விற்றார்கள். நோய்த்தடுப்புக்கு அது தேவைதான். ஆயினும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் வழி தேடியவர்கள் இவர்களை நினைக்கவில்லை. இவர்கள் எந்தக் கணக்கிலும் ஒரு தொழிலாகத் தெரிந்திருக்கவில்லை.

இனி, அந்த இரவில் அவள் என்னிடம் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இலைக்கட்டுகளைக் கூலியாள் தலையில் ஏற்றிவிட்டுத் திரும்பியவள், முகத்தைச் சுற்றியிருந்த கம்பளியை விலக்கி, “நீங்கள் எனக்கு முன்பே தெரிந்தவர்தான் அண்ணா. சங்கத்து ஆண்டு விழாவில் குத்துவிளக்கு வரவில்லை என்று என்னைக் கோபித்துக்கொண்டீர்களே” என்றாள்.

நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு விழாவில் மேடைப் பொறுப்பு என்னுடையது. முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு நம் செயற்குழுவினர் இருவர் மேடையை மேற்குப் பக்கமிருந்து கிழக்குப் பக்கத்துக்கு மாற்றச் சொன்னார்கள். யாரோ வாஸ்து பார்த்துச் சொன்னாராம். விளக்கும் ஒலிபெருக்கியும் மறுபடி கட்டப்பட்டன. காலையில் குத்துவிளக்கு வர இருபது நிமிடம் தாமதமாயிற்று. விருந்தினர் முன்னிலையில் நான் அந்தப் பெண்ணை, “உனக்குப் பொறுப்பு என்ற சொல்லாவது தெரியுமா?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அன்று பரிமாறிய மூன்று பந்தியிலும் அவளும் அவளுடைய ஆட்களும் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. ‘காண்டிராக்டர் ஆட்களுக்குக் கடைசியில்’ என்று சொன்னோம். கடைசியில் சாம்பார் தீர்ந்துவிட்டது.

அதோடு போயிற்றா? இல்லை. பேசிய தொகையில் பாக்கி கொடுக்கும்போது, தாமதத்துக்காக 15,000 ரூபாயை நாம் பிடித்துக்கொண்டோம். சங்கத்தின் பணத்தை மிச்சப்படுத்தினோம் என்று அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். கம்பெனி தன் நட்டத்தில் ஒரு பகுதியை அவளுடைய ஊக்கத்தொகையில் கழித்துக்கொண்டது என்பதைப் பார்சல் அலுவலக வாசலில்தான் அறிந்தேன்: 6,000 ரூபாய். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டு, பனிக்குள் வேகமாக நடந்து போய்விட்டாள். ஆறு மணிக்கு முகூர்த்தம் அல்லவா?

நான் செயற்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிடித்த 15,000 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும். அதில் 6,000 ரூபாய் அப்பெண்ணுக்குச் சேர்ந்தது என்பதற்குக் கம்பெனியிடம் எழுத்துமூலம் பெறவேண்டும். வரும் சித்திரை விழாவில் மாலை ஏழு மணிக்குப் பிறகு எந்த மாற்றமும் சொல்லலாகாது. பாக்கியை விழா முடிந்த அன்றே கொடுக்கவேண்டும். பந்தல் ஆட்களுக்கும் ஏற்பாட்டாளருக்கும் முதல் பந்தியில் இருபது இலை. இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். நண்பர் ஒருவர், “நாம் ரயில்வேயா நடத்துகிறோம்?” என்று கேட்டார். இன்னொருவர், நான் தனிப்பட்ட பரிவினால் எழுதுகிறேன் என்றார். ஆம், அப்படித்தான், மறுக்கவில்லை. பொருளாளர் மட்டும், “தொகையைப் பிடித்ததற்கான வவுச்சர் கோப்பில் காணோம், அது இல்லாமல் விஷயத்தை எடுத்துக்கொள்ள இயலாது” என்று சொல்லியிருக்கிறார்.

செயற்குழு வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குக் கூடுகிறது. உறுப்பினர் எவரும் வந்து கேட்கலாம். அந்த வவுச்சரில் மேடைப் பொறுப்பாளர் என்ற முறையில் கையெழுத்திட்டவன் நான். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. கொண்டுவருவேன்.